ஆவணப்படமும் ஊவாத் தோட்டக் கூத்தரும்

மலையகத் தொழிலாளரை ஆவணப்படம் பெரிதும் இரு கோலங்களிலேயே அறிந்துள்ளது. கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் கோலம் ஒன்று. அழிவின் முன் நின்று அழும் கோலம் மற்றொன்று. அவர்கள் தாமே விரும்பி ஏற்கும் வேடக்கோலம் மூன்றாவது. பதுளை, பசறை, லுணுகலை முதலாய ஊவாத் தோட்டப் பகுதிகளின் கூத்தரைத் தனிமனிதராக, கலைஞராகக் காட்டும் முயற்சி ஏன் அருகியுள்ளது என்பதே நமது வினா.

1934இல் தேயிலைப் பிரசாரச் சபையின் ஆதரவில் பசில் றைற் உருவாக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ உலக ஆவணப்பட வரலாற்றிற் பெறும் இடத்தை நாம் மறுக்கவில்லை. அதன் மூன்றாம் பகுதியில் உழைப்பின் காட்சிகள்மீது சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் ஒலிக்கின்றன. வாணிபத்துக்கும் உழைப்புக்குமுள்ள முரணை இத்துணை நுட்பமாக உணர்ந்த நெறியாளர், இறுதிப் பகுதியிற் கண்டி நடனக்காரரைக் கலைஞராகக் கண்டார். கொழுந்து பறிப்போரோ வெறுங் கைகளாகவே எஞ்சினர். எண்பதாண்டுகளின் பின், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்தபோது கமராக்கள் ஊவாவை நாடி வந்தன. அப்போது கண்ணீர் மட்டுமே செய்தியாயிற்று.

இதே மக்கள் காமன் கூத்தில் வேறொரு வகையாக அழுகின்றனர். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டு கம்பம் ஊன்றுவர். ரதி, மன்மதன் வேடம் பூணுவோர் காப்புக்கட்டி நோன்பிருப்பர். தப்பும் உருமியும் முழங்க லயங்கள்தோறும் ஆடிச் சென்று, இறுதியிற் காமதகனம் நிகழ்த்துவர். எரிந்த கணவனுக்காக ரதி புலம்புமிடமே கூத்தின் உச்சம் என்பது நமது கருத்து. அங்கே ஓர் ஆண், தன் தாயிடமும் பாட்டியிடமும் கேட்ட ஒப்பாரியின் குரலை எடுத்தாள்கிறான். சூழ நிற்போரின் கண்ணீர் அவன் கலைக்குக் கிடைக்கும் மதிப்பீடு.

படம்பிடிக்க வருவோர் பொதுவாகத் தீயையும் அருள்வந்த ஆட்டத்தையும் நாடுவர். (மலை மூடுபனி மீதுள்ள மோகம் வேறு!) வேலை முடிந்த மாலைகளில் வாத்தியார் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும், விடிந்ததும் ரதி முகச்சாயம் கழுவிப் பிரட்டுக் களத்துக்கு ஓடுவதும் அவர்கள் சட்டகத்துள் வருவதில்லை. இவை விடுபடுமாயின் கலைஞன் மறைந்து சடங்கு மட்டுமே எஞ்சும்; ‘விநோத மக்கள்’ என்ற பழைய பார்வையே புதுக் கருவியால் மீளப் பதிவாகும். ஆண்கள் ஏற்கும் ரதி வேடத்தைப் பற்றித் தோட்டப் பெண்கள் என்ன கருதுகின்றனர் என்பதும் கேட்கப்படவேண்டும்.

எழுத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் வெளியிட்ட ‘போர்ன் டு லேபர்’ என்னும் ஆங்கில நூலிலே தோட்டத்து மாந்தர் சித்திரங்களாகப் பதிவாயினர். தோட்டப் பாடல்களைத் தொகுத்தவரும் அவரே. எழுத்துக் கண்டதைக் கமரா காணாமற் போனமைக்குக் கருவியின் விலை மட்டும் காரணமன்று. பார்க்கப்படுவோர் வேறு, பார்ப்போர் வேறு என்ற வர்க்க இடைவெளியே முதன்மைக் காரணம்.

இதிற் காலதாமதமும் இழப்பாகும். 1964இன் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனக் கணக்கிட்டது. வாய்மொழியாகவே கைமாறும் கலையில் ஒரு வாத்தியார் கப்பலேறுவது ஓர் ஏட்டுக்கட்டு கப்பலேறுவதற்கு ஒப்பாகும். எஞ்சியுள்ள வாத்தியார்களிடம், காமன் கூத்து மட்டுமன்றி பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றின் பாட்டும் ஆட்டமும், அவர்தம் வாழ்க்கைக் கதையோடு சேர்த்து, அவர்கள் இசைவுடன் அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யப்படல் வேண்டும்.