எழுதும் நேரம் யாருடையது?

எழுத்தாளர்களின் சடங்குகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஷில்லரின் அழுகிய ஆப்பிள்கள்தாம் முதலில் வந்து நிற்கும். நண்பரைப் பார்க்கப் போன கதே, அவர் வரும்வரை அவருடைய மேசையருகே உட்கார்ந்திருக்கிறார். ஏதோ நாற்றம் தாக்கி மயக்கம் வருகிறது. இழுப்பறையைத் திறந்தால் உள்ளே அழுகிய ஆப்பிள்கள். அந்த வாடை இல்லாமல் கணவருக்கு வேலை ஓடாது என்று சொல்லியிருக்கிறார் ஷில்லரின் மனைவி. ஷில்லர் 1805இல் இறந்துபோனார். கதே இதைத் தன் உதவியாளர் எக்கர்மனிடம் சொன்னது 1827இல். பிறகு பால்சாக்கின் காப்பி, ட்ரூமன் கபோட்டி படுத்துக்கொண்டே எழுதியது, ஒவ்வொரு புத்தகத்தையும் ஜனவரி 8ஆம் தேதியே தொடங்கும் இசபெல் அயெந்தே என்று பட்டியல் நீளும்.

இந்தச் செய்திகளின் சுவையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆப்பிளையும் காப்பியையும் பார்த்துக்கொண்டிருந்தால், எழுதுகிறவருக்கு அந்த நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

ஆந்தனி ட்ரோலப் அதை மறைக்காமல் எழுதிவைத்தவர். அஞ்சல் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். அவருடைய நாவல்கள் மட்டும் 47. காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்காக எழுதுவார். அவர் இறந்தபின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. விடியுமுன் அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே, வயதான குதிரைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த மனிதருக்கே கடன்பட்டிருப்பதாகவும் ஒப்புக்கொள்கிறார். அந்தக் குதிரைக்காரர் எத்தனை மணிக்குக் கண்விழித்திருப்பார்!

ப்ரூஸ்ட் தன் படுக்கையறைச் சுவர்களில் தக்கை ஒட்டி வெளிச்சத்தத்தை அடைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய தலைகீழ் நேரத்துக்கு ஏற்பத் தன் இரவையும் பகலையும் மாற்றிக்கொண்ட பணிப்பெண் செலஸ்த் அல்பாரேயைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

மேசன் கரி 2013இல் வெளியிட்ட 'டெய்லி ரிச்சுவல்ஸ்' இந்தத் துறையில் அதிகம் படிக்கப்பட்ட தொகுப்பு. அதில் 161 பேர். பெண்கள் 27 பேர்தாம். அந்தக் குறையை அவரே ஏற்றுக்கொண்டு, 2019இல் பெண்களுக்கென்றே தனிப் புத்தகம் கொண்டுவந்தார். இரண்டாவது புத்தகம் முதலாவதன் தொடர்ச்சி மட்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. பெண்களின் கதைகளைச் சேர்த்ததும் கேள்வியே மாறிவிடுகிறது.

டோனி மாரிசனை எடுத்துக்கொள்வோம். இருட்டு பிரியுமுன் எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்திருந்துவிட்டு எழுத உட்காருவார். 1993இல் 'பாரிஸ் ரெவ்யூ' நேர்காணலில் இதன் தொடக்கத்தையும் சொன்னார். ஆண்பிள்ளைகள் இருவரைத் தனியே வளர்த்தபடி பதிப்பகத்தில் வேலையும் பார்த்தவருக்கு, குழந்தைகள் எழுந்து அம்மாவைத் தேடுமுன் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். நிர்ப்பந்தமாக வந்தது பழக்கமாகி, கடைசியில் அவருக்கு உகந்த வேளையாகவே ஆகிவிட்டது. மாயா ஏஞ்சலோ குடியிருந்த ஊரிலேயே ஓட்டல் அறை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, சுவர்ப்படங்களை எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டு எழுதினார். சொந்த வீட்டை விட்டுப் போனால்தான் எழுத முடிந்தது.

தமிழில் இதன் கடுமையான வடிவம் சல்மாவுடையது. துவரங்குறிச்சியில், எழுதக் கூடாது என்ற கட்டுக்குள், வீட்டார் தூங்கிய பிறகு கழிவறையில் நின்று கவிதை எழுதினார். அம்மாவின் உதவியோடு அவை வெளியே போயின. 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' வந்தது. இதைச் சடங்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் தினம் ஒரே நேரம், ஒரே இடம், சாத்திய கதவு என்று ட்ரோலப்புக்கும் ப்ரூஸ்டுக்கும் தேவைப்பட்ட அனைத்தும் அங்கேயும் இருந்தன. அவர்களுக்கு அதைப் பிறர் அமைத்துக்கொடுத்தார்கள். இவர் ஒளிந்து எடுத்துக்கொண்டார்.

தமிழ் எழுத்தாளர்களின் வேலைநேரத்தைப் பற்றி இப்படி ஒரு தொகுப்பு நமக்கு வேண்டும். பிள்ளையார் சுழி போட்டார்களா, எந்தப் பேனாவால் எழுதினார்கள் என்பதோடு அது நின்றுவிடக் கூடாது. அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர்களிடமும் பேட்டி எடுக்க வேண்டும். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது.