காம்யு கேட்ட மயக்க மருந்து

ஆல்பெர் காம்யு 1957ல் எழுதிய 'கில்லட்டின் பற்றிய சிந்தனைகள்' கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். மரண தண்டனையை எதிர்த்து ஒன்றே ஒன்று படிக்கணும்னா எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இந்தத் தடவை கடைசிப் பகுதியில் ஒரு இடம் இடறியது.

முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, அல்ஜியர்ஸில் ஒரு பண்ணைக் கூலியாள் ஒரு குடும்பத்தையே, குழந்தைகளோடு சேர்த்துக் கொன்றுவிடுகிறான். காம்யுவின் அப்பாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் தலை விழுவதைப் பார்த்தே தீருவேன் என்று இருட்டோடு எழுந்து போகிறார். திரும்பி வந்தவர் யாரோடும் பேசாமல் படுக்கிறார், திடீரென்று வாந்தி எடுக்கிறார். என்ன பார்த்தார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. ('அந்நியன்' நாவலில் மெர்சோ சிறையில் நினைத்துப் பார்ப்பதும் இதே மாதிரி ஒரு அப்பாவைத்தான்.)

கவனிங்க, கொன்றவன் நிரபராதி இல்லை. பார்க்கப் போனவர் இளகிய மனசுக்காரரும் இல்லை. மரண தண்டனைக்கு எதிரான நம்ம ஊர் சினிமாக்கள் பலவும் தூக்குமேடைக்கு ஒரு நல்லவனைத் தேடிப் பிடிக்கும். காம்யு அந்தச் சுலப வழியில் போகவில்லை.

கட்டுரையின் பலமே ஒரு கேள்வியில் இருக்கிறது: அடுத்தவனைப் பயமுறுத்தத்தான் தண்டனை என்றால், அதை ஏன் ஒளிக்கிறீர்கள்? 1939க்குப் பிறகு பிரான்ஸில் எல்லாமே சிறைச் சுவருக்குள்தான். பட்டப்பகலில் பாரிஸ் சதுக்கத்தில் மேடை போடுங்கள், டிவியிலும் காட்டுங்கள் என்று நக்கலடிக்கிறார். தான் செய்வதைத் தானே பார்க்க முடியாத அரசு என்று நிறுவிவிடுகிறார்.

ஆனால் முடிவில் ஒரு சமரசம். ஒழிக்க மனசு வரவில்லையென்றால் கத்தியையாவது விடுங்கள், தூக்கத்திலேயே சாகிற மாதிரி ஒரு மருந்தைக் கைதிக்கு எட்டும்படி ஒரு நாளாவது வையுங்கள் என்கிறார். எடுக்க மறுத்தால்? வேறு விதமாகக் கொடுக்கலாமாம்! வேறு வழியில்லாமல்தான் இதைக் கேட்கிறார், அது புரிகிறது. ஆனால் இருநூறு வருஷமாக அரசு தேடியதும் இதே திரையைத்தானே?

1977ல் அமெரிக்காவின் ஒக்லஹோமா விஷ ஊசிக்குச் சட்டம் போட்டது. 1982ல் டெக்சஸ் முதலில் அதைப் பயன்படுத்தியது. முதல் மருந்து மயக்க, மூன்றாவது இதயத்தை நிறுத்த. நடுவில் வரும் பான்குரோனியம் தசைகளை முடக்கும், வலியைப் போக்காது. மயக்கம் சரியாகப் பிடிக்காமல் போனாலும் கைதியால் முகம் சுளிக்கக்கூட முடியாது. 2008ல் கென்டக்கி வழக்கில் அமெரிக்கத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இதற்கு ஒரு நியாயம் சொன்னார்: உடம்பு துடிப்பதைப் பார்ப்பவர்கள் வேதனை என்று தப்பாக எடுத்துக்கொள்ளலாம், நிகழ்வின் கண்ணியத்தைக் காப்பதில் அரசுக்கு அக்கறை உண்டு. அதே மாநிலத்தில் மிருகங்களைக் கருணைக்கொலை செய்ய அந்த வகை மருந்துக்குத் தடை என்பதை நீதிபதி ஸ்டீவன்ஸ் சுட்டிக்காட்டினார்.

இந்த ஊசியைப் பார்த்திருந்தால் காம்யுவின் அப்பா வீட்டுக்கு வந்து காப்பி குடித்திருப்பார்.

இந்தியாவிலும் 2003ல் சட்ட ஆணையம் தூக்குக்கு மாற்றாக ஊசியையும் சேர்க்கச் சொன்னது. கேட்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். வலி எவ்வளவு குறையும் என்று பேசுகிறார்கள். யாருக்குக் குறையும் என்ற பேச்சு வருவதில்லை.

பிரான்ஸ் ஊசிப் பக்கமே போகவில்லை. 1977 ஜனவரியில் ஒரு சிறுவனைக் கடத்திக் கொன்றவனுக்காக வழக்கறிஞர் பதந்தேர் வாதாடினார். குற்றத்தில் சந்தேகமே இல்லை, ஊரே தலையைக் கேட்டது. உயிரோடு இருக்கிற ஒரு மனிதனை இரண்டு துண்டாக வெட்டுவதுதான் இது என்று ஜூரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். ஆயுள் தண்டனையோடு விட்டார்கள். 1981ல் அவரே சட்ட அமைச்சராகி மரண தண்டனையை ஒழித்தார். காம்யு கேட்ட மருந்து அதற்குள் வந்திருந்தால், அன்று ஜூரிகளிடம் என்ன சொல்லியிருப்பார்?