யாருடைய தாகம்?

'சென்னையின் தாகம்' என்ற சொற்றொடரைக் கேள்வியில்லாமல் விழுங்கப் பழகிவிட்டோம். தாகம் உடம்புக்கு வருவது. நகரத்துக்கு ஒரே உடம்பு, ஒரே தொண்டை என்று கற்பித்துவிட்டால், யாருடைய தொண்டை என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. புதிய வீராணம் திட்டம் இந்தச் சொல்லாடலின் மேல்தான் நிற்கிறது.

வீராணம் சோழர் காலத்து ஏரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. 2004இலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை, சுமார் 235 கிலோமீட்டர் குழாய்வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோக ஏற்பாடு. அங்கத்திய விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது 'சுயநலம்', நகரம் கேட்டது 'பொதுநலம்'. இந்தப் பெயர்சூட்டல்தான் அதிகாரம்.

கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை (1981இல் பாலசந்தர் படமாக்கினார்) இங்கே திரும்ப வாசிக்க வேண்டும். அத்திப்பட்டி சனங்கள் தாங்களே கால்வாய் வெட்டுகிறார்கள், அரசு தடுக்கிறது. ஊர் வெட்டினால் சட்டவிரோதம், அரசு பதித்தால் வளர்ச்சி. இதை அம்பலப்படுத்தியது நாடகத்தின் பலம். ஆனால் அதன் உலகத்தில் கிராமம் உண்டு, அரசு உண்டு; தண்ணீர் குடிக்கும் நகரம் இல்லை. சபாவில் உட்கார்ந்து அத்திப்பட்டிக்காகக் கண்கலங்கிய நகரத்துக்கு, 'நானும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்' என்று உணரும் சங்கடம் நேரவில்லை.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் நகரம் இருக்கிறது, ஒற்றை உடம்பாக அல்ல. குடத்தோடு அலையும் ஜமுனாவும் சென்னைதான். ஆகவே 'குழாயை உடை' என்று சுலபமாகக் கோஷம் போட்டுவிட முடியாது. உடைத்தால் முதலில் காய்வது ஜமுனாவின் குடம்தான். காசுள்ளவன் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்வான். அந்த நாவலிலோ குழாயின் மறுமுனை தெரிவதில்லை. இரண்டு பிரதிகளையும் சேர்த்து வைத்தால்தான் குழாயின் இரு முனையும் கண்ணுக்குப் படும்.

இன்னொன்று. 1920களில் மாம்பலத்து நெட்டேரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். 'அட, ஏரி இருந்த எடந்தானே இது' என்று யாரும் சொல்வதில்லை. உள்ளூர் ஏரியை மனையாக்கிய நகரம், அடுத்த ஊர் ஏரிக்குக் குழாய் நீட்டுகிறது. 2019இல் நீர்த்தேக்கங்கள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதும் இந்த வரலாறு பேசப்பட்டதைவிட மழை பொய்த்த கதையே அதிகம் பேசப்பட்டது. மழைமீது பழிபோட்டால் மனை விற்றவன் தப்பித்துக்கொள்கிறான்.

பழைய வீராணம் திட்டத்துக் குழாய்கள் 1970களில் பதிக்கப்படாமல் சாலையோரம் வருடக்கணக்கில் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடியிருந்தார்கள். தண்ணீரே வராத குழாய்க்குள் வாழ்ந்த அவர்களுக்கும் தாகம் எடுத்திருக்கும். 'சென்னையின் தாகம்' என்றபோது அவர்களை யார் கணக்கில் சேர்த்தார்கள்? எங்கிருந்து எடுக்கிறாய் என்பதோடு, உள்ளே யாருக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்றும் சேர்த்துக் கேட்காத எந்தத் தண்ணீர் அரசியலும் பாதி அரசியல்தான்.