பாலைக்கலியில் களிறும் பிடியும்

கலித்தொகை 11ஆம் பாடலில் பிடிக்கு நீரூட்டிய பின்னரே தான் உண்ணும் களிறும், பெடையின் வருத்தத்தைச் சிறகால் ஆற்றும் புறவும், பிணைக்குத் தன் நிழலைத் தரும் கலையும் தலைவன் முன்னர்க் கூறியவையாகத் தலைவியால் நினைவுகூரப்படுகின்றன. இவற்றை இறைச்சி எனச் சுட்டி அமைதல் போதாது. இம்மூன்றனுள் புறவு மட்டுமே துணையோடு வாழ்ந்து, ஆணும் பெண்ணுமாகக் குஞ்சுகளைப் பேணும் இனமாகும். வளர்ந்த களிறோ பிடிகளின் கூட்டத்தினின்று விலகித் திரிவது; கூடற்பொருட்டு வந்து மீண்டும் பிரிவது. கலையும் ஒரே பிணையோடு அமைவதில்லை. எனவே இப்பாடலின் களிற்றிடம் காணப்படுவது தலைவி விழையும் தலைவனின் இயல்பே. இதனைப் புலவரின் அறியாமை எனல் பொருந்தாது. பாலைக்கலியைப் பாடியவராகக் கருதப்பெறும் பெருங்கடுங்கோ சேர மரபினர், யானை அவருக்குப் புதிதன்று. விலங்குகளின் அன்பைச் சான்றாகக் கொண்ட பின்னும் தலைவி பல்லியின் ஒலியையும் இடக்கண்ணின் துடிப்பையும் துணைக்கு அழைக்கிறாள். முதற்சான்றில் அவள் மனம் முழுதும் அமைந்திருப்பின் பின்னிரண்டும் வேண்டப்பட்டிரா.