செயலமர்வும் மொழியறிவும்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு எதனைக் கற்பிப்பது என்னும் வினா, ஆங்கிலமே பயிற்றுமொழியாய் நிலவிய காலத்தில் பெரிதாக எழவில்லை. அக்காலத்து ஆசிரியர் வரலாற்றையும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் அம்மொழியிலேயே கற்றுத் தேறியவர். 1943 இல் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1945 இல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழி பயிற்றுமொழியாயிற்று. பின்னர் அம்மாற்றம் மேல்வகுப்புகட்கும் படிப்படியாகப் பரவியது. அது நீதியான மாற்றம். அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அதன் விளைவொன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய தலைமுறை ஓய்வுபெற்ற பின், ஆங்கில ஆசிரியரும் ஆங்கிலத்தை நாளொன்றுக்கு ஒரு பாடவேளை மட்டும் கற்றவராகவே வந்து சேர்ந்தார். அவருக்கு மொழியையும் கற்பிக்க வேண்டும், மொழி கற்பிக்கும் முறையையும் கற்பிக்க வேண்டும் என்னும் இரட்டைக் கடமை அப்போதுதான் தோன்றியது. இவ்விரண்டனுள் பின்னதைப் பற்றிக்கொண்டு முன்னதைக் கைவிட்டன நம் செயலமர்வுகள் என்பதே யான் இங்குச் சாட்டும் குற்றம்.

மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு என இரண்டு கல்வி வலயங்கள் உள. செயலமர்வு என்று அழைப்பு வந்தால் தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் ஆசிரியர் பேருந்தேறி வருவர். முசலிப் பக்கத்தவரோ விடியுமுன் புறப்படல் வேண்டும். வருவோரிற் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வேலையை முடித்து, பிள்ளைகளை அயலில் ஒப்படைத்துவிட்டு வருபவர்கள். இதனை ஏன் கூறுகின்றேன் எனின், நம் ஆசிரியர் அக்கறையற்றவர் என்று அலுவலகங்களில் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். யான் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன். இரவில் விளக்கடியில் தனித்திருந்து படித்தவனுக்கு, ஒரு வினாவைக் கேட்டு விடைபெற ஆள் கிடைப்பது எத்துணை அரிது என்பது தெரியும். அத்தகையோர் ஐம்பதுபேர் ஓரிடத்திற் கூடுவதே பெரும்பேறு. அப்பேற்றை நாம் என்ன செய்கின்றோம்?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு செயலமர்வில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். முற்பகல் முழுதும் பந்தெறிந்து பெயர் சொல்லும் விளையாட்டிலும், பெரிய தாள்களில் வண்ணப் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டுவதிலும் கழிந்தது. தேநீருக்குப் பின், கரையோரப் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுந்து, “சேர், என்ரை வகுப்பிலை ஒரு பிள்ளை ‘மை பாதர் இஸ் இன் த சீ’ என்று எழுதியிருக்கு. அது பிழையா, சரியா? பிழையென்றால் என்னவென்று விளங்கப்படுத்துறது?” என்று கேட்டார். வந்திருந்த பயிற்றுநர் புன்முறுவலுடன், கருத்து விளங்கினாற் போதும், இலக்கணத்தால் பிள்ளையை அச்சுறுத்தாதீர் என்று கூறி அடுத்த விளையாட்டிற்குப் போய்விட்டார். ஆசிரியை இருந்துவிட்டார். அன்று மாலை வரை அவர் வேறு வினாவொன்றும் கேட்கவில்லை.

கருத்து விளங்கினாற் போதும் என்றார் பயிற்றுநர். அப்பிள்ளையின் தகப்பன் படகேறித் தொழிலுக்குப் போயிருக்கின்றார் என்பதே கருத்து. ஆனால் ‘இன் த சீ’ என்பதைப் படிக்கும் ஆங்கிலேயன், அவர் கடலுள் நீராடுகின்றார் என்றோ, அன்றி நீருள் வீழ்ந்துவிட்டார் என்றோதான் கொள்வான். தொழில்மேற் சென்றவனை ‘அற் சீ’ என்பதே ஆங்கில வழக்கு. மலைநாட்டுப் பிள்ளைக்கு இவ்வேறுபாடு அற்பமாகலாம். புயலில் உறவினரை இழந்த வீடுகள் உள்ள ஊரிலே இஃது அற்பமன்று. தமிழிலோ ‘கடலில்’ என்னும் ஏழாம் வேற்றுமை இரண்டு பொருளையும் தாங்கும். ஆயினும் கரையோர மக்கள் மயங்குவதில்லை. உயிரோடு உள்ளவனைக் ‘கடலுக்குப் போயிருக்கிறார்’ என்பர், ‘தொழிலுக்குப் போயிருக்கிறார்’ என்பர். இறந்தவனைக் ‘கடல் கொண்டுபோய்விட்டது’ என்பர். வேறுபாடு பிள்ளையின் மொழியிலேயே இருக்கின்றது. அதனைத் தொட்டுக் காட்டினால், முன்னிடைச்சொல் ஒன்று மாறப் பொருள் எங்ஙனம் மாறுகின்றதென்பதை அவன் ஒரு நிமிடத்தில் உணர்வான். அப்பயிற்றுநர் தமிழறியாதவர், அது அவர் குற்றமன்று. அவர் கூறிய ‘கருத்து’ எது என்பதை ஆராயாமையே குற்றம்.

இந்நோய்க்கு மூலம் செயலமர்வுகளைப் பரப்பும் முறையிலேயே உளது. 1959 இல் அன்றைய சென்னை மாநிலத்தில், பிரித்தானிய ஆலோசனைக் குழுவின் துணையோடு, ஏறத்தாழ 27,000 தொடக்கநிலை ஆசிரியர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் புதுமுறையைப் பயிற்றுவிக்க ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. சிலரைப் பயிற்றினால் அவர் பலரைப் பயிற்றுவர், அப்பலர் மேலும் பலரை என்பது திட்டம். உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தை உவமையாக்கி அதற்குப் பெயரிட்டனர். சென்னை வெயிலில் பனிப்பந்து உருண்டால் என்னவாகும் என்று பெயரிட்டவர்கள் எண்ணவில்லை போலும்! நம் நாட்டில் இன்று வழங்கும் உவமை படிப்படியாய் வீழும் அருவி. உவமை மாறியதேயன்றி முறை மாறவில்லை. 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி நிறுவகமும், தேசிய கல்வியியற் கல்லூரிகளும், பின்னர் மாவட்டந்தோறும் எழுந்த ஆங்கில வள நிலையங்களும் ஆற்றிய பணி பெரிது. எனினும் மேலே ஐந்து நாள் நடந்த பயிற்சி கீழே வரும்போது ஒருநாளாய்ச் சுருங்கும் என்பதை அறியாத ஆசிரியர் இலர். சுருங்கும்போது முதலில் உதிர்வது விளக்கம். இறுதிவரை எஞ்சுவது விளையாட்டு. விளையாட்டைப் பார்த்தவுடன் செய்துகாட்டலாம். மொழி பற்றிய விளக்கத்தையோ, தான் விளங்கிக்கொண்டவனன்றிப் பிறன் கைமாற்ற இயலாது.

ஒலிப்பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தின் ‘ரீ’ என்னும் மெய்யைத் தமிழர் நாவை வளைத்து டகரமாகவே ஒலிப்பர், அதனைத் திருத்துக என்று கைந்நூல்கள் அறிவுறுத்துகின்றன. தமிழகத்து மாணவர் பலர்க்கு இது பொருந்தலாம். ஈழத்துத் தமிழர்க்கு அவ்வாறே பொருந்துமா? நாம் ‘ரிக்கற்’ என்றும் ‘பற்றரி’ என்றும் எழுதுகின்றோம். அவர்கள் ‘டிக்கெட்’ என்றும் ‘பேட்டரி’ என்றும் எழுதுகின்றனர். இது வெறும் எழுத்து வழக்கன்று. காட்டு, காத்து, காற்று என்னும் மூன்றையும் நம் பேச்சு இன்றும் வேறுபடுத்தி ஒலிக்கின்றது. ‘காற்று’ என்பதில் நாநுனி மேற்பல்லின் பின்னுள்ள முரசை ஒற்றுகின்றது. அவ்விடமே ஆங்கில ஒலி பிறக்கும் இடம். தொல்காப்பியம் பிறப்பியலில் டகரத்திற்கும் றகரத்திற்கும் தனித்தனியே பிறப்பிடம் கூறுகின்றது. அவ்வேறுபாட்டைப் பேணிய நா நம் பிள்ளைகளுடையது. ‘ரேபிள்’ என்னும் சொல்லைக் கற்பிக்கும்போது, “காற்று என்று சொல்லும்போது நா எங்கே படுகின்றதோ அங்கே வை” என்றால் வேலை முடிந்தது. மன்னாரில் இன்னொரு சுவையும் உண்டு. 2009 இற்குப் பின் தமிழகத்து முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். ‘ரீச்சர்’ என்று ஒருவனும் ‘டீச்சர்’ என்று ஒருத்தியும் அழைக்க, பாடநூல் கூறாத ஒலியியற் பாடம் வாயிற்படியிலேயே நிற்கின்றது. இதனை எச்செயலமர்விலும் ஒருவர் எடுத்தாண்டு யான் கேட்டதில்லை.

சுட்டிடைச்சொல்லின் செய்தியும் இத்தகையதே. தமிழில் அதற்கு நிகரில்லை, ஆதலால் மனனஞ் செய்விப்பதே வழி என்று எனக்குச் சொல்லப்பட்டது. எருக்கலம்பிட்டியிலோ பள்ளிமுனையிலோ எந்தப் பிள்ளையும் ‘மீன் வாங்கினேன்’ என்பதற்கும் ‘மீனை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவான். முன்னது ஏதோ மீன். பின்னது முன்பே பேசப்பட்ட அந்த மீன். ‘ஐ போற் பிஷ்’ என்பதும் ‘ஐ போற் த பிஷ்’ என்பதும் அவ்வாறே பிரிகின்றன. இரண்டாம் வேற்றுமை உருபின் தோற்றமும் மறைவும், ஆங்கிலச் சுட்டு ஆற்றும் பணியில் ஒரு பகுதியை ஆற்றுகின்றன என்க. முழுவதையும் ஆற்றுகின்றன என்று கூறின் அது மிகை. எழுவாயில் உருபு இல்லை. ‘ஒரு மீனை வாங்கினேன்’ என்றும் கூறுகின்றோம். உயர்திணைப் பெயராயின் ‘பிள்ளையைக் கண்டேன்’ என்று உருபு பெரும்பாலும் வந்தே தீரும். எங்கே பொருந்துகின்றது, எங்கே பொருந்தவில்லை என்று ஆசிரியர் கூடி ஆராய்வதற்கு ஒரு முழுநாள் வேண்டும். அந்நாளை நமக்குத் தந்தவர் எவருமிலர்.

அறிஞர் உலகம் இதனை அறியாததன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்திற் கற்பித்த சுரேஷ் கனகராஜா, ஆங்கிலக் கற்பித்தலில் மொழி ஆதிக்கத்தை எதிர்த்தல் பற்றி 1999 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக வெளியிட்ட நூலில், அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர் எழுதிய குறிப்புகளையும் கிறுக்கிய படங்களையும் சான்றாக்கினார். பிறநாட்டுச் சூழலைப் பேசும் பாடத்திற்கு அவர்கள் அளித்த மறுமொழி அவ்வோரங்களில் இருந்ததைக் கண்டார். தமிழும் வகுப்பறையுள் இடம்பெறுதல் இயல்பென்பதையும் அவர் மறைக்கவில்லை. எனினும் ஒரு கருத்துவேற்றுமை உண்டு. பல்கலைக்கழகம் புகுந்த மாணவனின் ஓரக்குறிப்பில் எதிர்ப்பைக் காணலாம்; எங்கள் எட்டாம் வகுப்பு மாணவன் ஓரத்தில் படகு வரைகின்றான் எனின், பெரும்பாலும் அவனுக்குப் பாடம் விளங்கவில்லை என்பதே காரணம். எல்லா வெறுமையையும் எதிர்ப்பென்று போற்றினால் ஆசிரியன் தன் கடமையிலிருந்து தப்பிவிடுவான். பெங்களூரிலும் சென்னைப் பக்கத்துப் பள்ளிகளிலும் 1979 முதல் 1984 வரை புதுமுறைச் சோதனை நடத்திய பிரபு அவர்கள் 1990 இல் எழுதிய கட்டுரையில், யாவற்றினும் சிறந்த முறை என ஒன்றில்லை, தான் செய்வது ஏன் பயன்தரும் என்பது பற்றி ஆசிரியனுக்குள்ள உள்ளுணர்வே முதன்மையானது என்று வாதித்தார். தாமே ஒரு முறையை ஆக்கியவர் இவ்வாறு கூறியது பெருந்தன்மை. அவ்வுணர்வு எதிலிருந்து பிறக்கும்? தான் கற்பிக்கும் மொழியையும் மாணவன் கொண்டுவரும் மொழியையும் அறிந்த அறிவிலிருந்தன்றோ?

செயலமர்வுகளாற் பயனே இல்லை என்பார் கூற்றை யான் ஏற்கேன். வாய்திறக்க நாணிய ஆசிரியர் பலர், அவ்விளையாட்டுகளின் நடுவேதான் முதன்முறையாக அச்சமின்றி ஆங்கிலம் பேசினர். 2009 ஆம் ஆண்டு ஆங்கிலத்திற்கும் தகவல் தொழினுட்பத்திற்கும் உரிய ஆண்டெனப் பிரகடனப்படுத்தப்பட்டு, ஐதராபாத்திற் பயிற்சி பெற்ற ஆசிரியர் வாயிலாக ‘எமது வழியில் ஆங்கிலம் பேசுவோம்’ என்னும் முழக்கம் எழுந்தபோது, ஒலிப்புப் பற்றிய தாழ்வுணர்ச்சி பலரிடம் குறைந்தது. அதற்கு நன்றி கூறுவேன். எனினும் ‘எமது’ என்பதில் எவர் அடங்குவர் என்னும் ஐயம் எனக்கு அன்றே உண்டாயிற்று. கொழும்பு நடுத்தர வீடுகளின் ஆங்கிலம் ஒன்று. தமிழிலிருந்து ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வாக்கியங் கட்டும் மீனவப் பிள்ளையின் ஆங்கிலம் இன்னொன்று. முன்னதற்குச் சலுகை கிடைத்தது. பின்னதை எவரும் ஆராயவில்லை.

பாடப்பொருளிலும் வறுமை கண்டோம். கண்டியரசில் ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், 1679 இல் தப்பி வந்து சேர்ந்தது அரிப்புக் கோட்டைக்கு. அவர் நூல் 1681 இல் இலண்டனில் அச்சாயிற்று. லெனாட் வுல்ப் 1906 இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கடமையாற்றி, பிற்காலத்துத் தம் வாழ்க்கை வரலாற்றில் அதனை எழுதினார். நம் கரையைப் பற்றி நல்ல ஆங்கிலம் உண்டு. நாமோ இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் பயணச்சீட்டு வாங்கும் உரையாடலை நடித்துக்கொண்டிருந்தோம், தலைமன்னார்ப் புகையிரதமே 2015 வரை ஓடாதிருந்த ஊரில்!

கடந்த ஆண்டு முதல் எங்களில் நால்வர், மாதம் ஒரு சனிக்கிழமை, மாணவர் பயிற்சிக் கொப்பிகளுடன் கூடுகின்றோம். அழைப்புக் கடிதமில்லை, சான்றிதழில்லை, தேநீர் உண்டு. ஒவ்வொருவரும் பத்து வாக்கியம் கொண்டுவருவோம். பிழை எனின் ஏன் பிழை, பிள்ளை எத்தமிழ் வாக்கியத்திலிருந்து அதனை ஆக்கினான் என்று அகராதியும் இலக்கணநூலும் விரித்து ஆராய்வோம். சில வேளை விடை கிடைக்கும். சில வேளை வழக்காடிப் பிரிவோம். அண்மையில் ஒருவர் கொண்டுவந்த கொப்பியில் ‘த விண்ட் ஹாஸ் கொற் அப்’ என்ற வாக்கியம் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தது. ‘காற்று எழும்பிவிட்டது’ என்பதைப் பிள்ளை அப்படியே பெயர்த்துவிட்டான், காற்று எழுந்து நிற்குமா என்று சிரித்தோம். அகராதியைப் புரட்டினால், காற்று வலுப்பெறுவதை ஆங்கிலேயரும் அவ்வாறே கூறுவர் என்றிருந்தது. வெட்டியவரும் எம்முள் ஒருவரே. திங்கட்கிழமை அக்கொப்பியை வாங்கி, தம் சிவப்புக் கோட்டின்மேல் ‘சரி’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்ததாக அடுத்த மாதம் வந்து சொன்னார்.