விரிப்பும் கைப்பிடியும்

ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ காசு போட்டு ஆடும் விளையாட்டு. அது அமெரிக்காவில் உடற்கல்வி வகுப்புக்குள் நுழைந்தது. பிள்ளைகளின் பருமனை எண்ணிக் கவலைப்பட்ட மேற்கு வர்ஜீனியா மாநிலம், தன் 765 அரசுப் பள்ளிகளிலும் அதை வைக்கப்போவதாக 2006இல் அறிவித்தது.

திரையில் அம்புக்குறி எழும். தாளம் தப்பாமல், காலடியில் கிடக்கும் விரிப்பில் அந்த அம்புக்குறிக்கு உரிய கட்டத்தை மிதிக்க வேண்டும். கூடைப்பந்துக்கு அணி பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாத பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். விரிப்பை ஏமாற்றவும் முடியாது. கால் பட்டால்தான் புள்ளி.

அதே 2006இல் வந்த நின்டெண்டோவின் ‘வீ’ விளையாட்டுப் பெட்டியின் கதை வேறு. அதன் கைப்பிடிக் கருவி அறிவது தன் அசைவை மட்டுமே. டென்னிஸ் மட்டையை உடல் முழுதும் திருப்பி வீசினாலும் சரி, சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சொடுக்கினாலும் சரி, பந்து பறக்கும். சொடுக்கினால் போதும் என்பதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு அதிக நேரம் தேவைப்படாது. கருவி எதைப் பார்க்கிறதோ அதை மட்டும் செய்யத்தான் அது பழக்குகிறது. பந்தெறிவதில் முக்கியமானது கையிலிருந்து பந்தை விடும் கணம். இங்கே விடவே கூடாது. ஆர்வத்தில் விட்டவர்களும் உண்டு. கருவி பறந்து போனதால், அந்த ஆண்டு டிசம்பரில் சுமார் 32 லட்சம் மணிக்கட்டுப் பட்டைகளை மாற்றித்தர நின்டெண்டோ முன்வந்தது!

பயன் இல்லாமலும் இல்லை. 2007இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் 13 முதல் 15 வயதுள்ளவர்களை வைத்து அளந்தார்கள். உட்கார்ந்து ஆடும் கார்ப் பந்தய விளையாட்டைவிட வீயில் கூடுதல் ஆற்றல் செலவானது. ஆனால் மைதானத்தில் உண்மையாக ஆடுவதற்கு அது ஈடாகவில்லை. நியூசிலாந்தில் பருமனான 322 பிள்ளைகளை வைத்து 24 வாரம் நடந்த சோதனையில், கேமரா முன் ஆடும் விளையாட்டைப் பெற்றவர்களின் உடல் நிறைக் குறியீடு மற்றவர்களுடையதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. வேறுபாடு 0.24. சிறியதுதான், தள்ளிவிடவும் முடியாது.

கசப்பான முடிவு ஹூஸ்டனிலிருந்து, 2012இல் வந்தது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு உடலை அசைத்து ஆடும் விளையாட்டுகளும் மறுபாதிக்கு உட்கார்ந்து ஆடுபவையும் கொடுத்து, வீட்டில் அவர்கள் போக்கில் ஆட விட்டார்கள். உடலில் கட்டிய அசைவுமானி 13 வாரத்தில் இரு தரப்பின் உடலசைவுக்கும் இடையே வேறுபாடு எதையும் காட்டவில்லை. 5 முதல் 17 வயதினருக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பது நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு. அந்தக் கணக்கை நிரப்பும் வேலையை ஒரு பெட்டியிடம் ஒப்படைத்த பெற்றோருக்கு ஹூஸ்டன் முடிவு ஏமாற்றமே. ஆனால் வீட்டில் இல்லாத ஒன்று பள்ளியில் இருந்தது: மேற்கு வர்ஜீனியாவின் உடற்கல்வி வகுப்பில் விரிப்போடு பாடவேளையும் இருந்தது, பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆசிரியரும் இருந்தார்.