விராலுக்கு எந்தத் தூண்டில்?

காட்பாடியின் கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிக்கரைகளில் இப்போது இரண்டு வகைத் தூண்டில்காரர்களைப் பார்க்க முடிகிறது. ஒருவர் கையில் மூங்கில் கழி, நரம்பு, தக்கை, தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. இன்னொருவர் கையில் ஃபைபர் ராட், ஸ்பின்னிங் ரீல், பெட்டி நிறையச் செயற்கை இரைகள். எது மேல் என்று கேட்டால் உடனே பழசு, புதுசு என்று கட்சி பிரிந்துவிடும். கருவியை ஒரே மூட்டையாக எடைபோடுவதால் வரும் குழப்பம் இது. கழி, ரீல், நரம்பு, இரை நான்கையும் பிரித்து, காட்பாடி ஏரிக்கும் அதில் வாழும் மீனுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைகளில் விற்கும் இரைகளில் பல, வட அமெரிக்கக் குளிர் ஏரிகளுக்காக உருவானவை. அங்கே தூண்டில்காரர்கள் கொண்டாடும் மீன் வால்ஐ. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. அதனால் அந்தி மங்கலிலும் கலங்கல் தண்ணீரிலும் நன்றாக வேட்டையாடும். பெரும்பாலும் அடித்தரையை ஒட்டித் திரியும், இரையை மெதுவாகத்தான் கவ்வும். ஆகவே 7 கிராமுக்கு உட்பட்ட ஈயத்தலை ஜிக், சன்னமான நரம்பு, நுனி மெலிந்த ராட் என்று அங்கே அமைத்துக்கொண்டார்கள். இரை தரையில் தட்டுப்படுவதும் மீன் தொடுவதும் ராட் நுனி வழியே கைக்குத் தெரியும். அந்தத் தண்ணீருக்கு அது கச்சிதமான கருவி.

நம் ஏரியின் அடித்தரை வண்டல். அதற்கு மேலே பாசி, அல்லி, ஆகாயத்தாமரை. இங்கே ஜிக் சேற்றில் புதைகிறது. மூன்று முள் கோத்த ஸ்பூன் முதல் வீச்சிலேயே கொடியில் மாட்டுகிறது. விராலின் நடத்தையும் வால்ஐக்கு நேர்மாறு. அது காற்றைச் சுவாசிக்கும் மீன், அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கியே தீர வேண்டும். ஆழம் குறைந்த கொடிக்குள் பதுங்கி, தலைக்கு மேல் போகும் தவளையை அடிக்கும். தாராபடவேடு கரையில் ஒரு பெரியவர் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “கொப்புளம் வந்த எடத்துக்கு அந்தாண்ட போட்டு இழு தம்பி, மேல போடாத.” எந்த விளம்பரமும் இவ்வளவு உபயோகமாகச் சொன்னதில்லை.

அதனால் முதலில் எடைபோட வேண்டியது இரையைத்தான். பழைய முறையில் உயிர்த்தவளையை முள்ளில் கோத்து, கரையில் குச்சி நட்டு இரவெல்லாம் விட்டுவைப்பார்கள். மீன் தப்புவது குறைவு. ஆனால் முள் குடல்வரை இறங்கிவிடும், சிறிய விராலாக இருந்தாலும் பிழைக்க விட முடியாது. தண்ணீர்ப்பாம்பும் ஆமையும்கூட மாட்டும். தவளைகளின் அழிவைக் கண்டுதான் இந்தியா 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. வயல் பூச்சியைத் தின்னும் உயிரை முள்ளில் கோப்பதை நான் ஏற்கவில்லை.

ரப்பர் தவளை அந்த இடத்தை நிரப்புகிறது. உள்ளீடற்ற மிருதுவான உடல், முதுகை ஒட்டி மேல்நோக்கிய இரட்டை முள். அல்லி இலை மேல் ஏறி வழுக்கிக்கொண்டு வரும், எளிதில் சிக்காது. இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு கணம் நிறுத்தினால், பின்னால் தண்ணீர் லேசாக மேடு தட்டும். அடுத்து “ளபக்” என்று ஒரு சத்தம். அந்த நொடியில் கையை இழுத்தால் தவளை வெறுமனே திரும்பி வரும். மீன் வாயை மூடி உடலை நசுக்கினால்தான் முள் வெளிப்படும், ஆகவே பாரம் தெரியும்வரை பொறுக்க வேண்டும். பொறுத்தாலும் பல அடிகள் வீணாகத்தான் போகின்றன. அதை ஒரு குறையாக ஒப்புக்கொள்கிறேன். மாட்டிய மீனுக்கு முள் பெரும்பாலும் வாயிலேயே நிற்கும், சிறியதைத் திருப்பி விடலாம் என்பது அந்தக் குறையை ஈடுகட்டுகிறது.

அடுத்தது நரம்பு. நைலான் நீளும். தொலைவில் மீன் கவ்வும்போது இழுப்பின் வேகம் அந்த நீட்சியிலேயே கரைந்துபோய், விராலின் எலும்பு வாயில் முள் இறங்காது. பின்னல் நரம்பு நீளாது, அதே பருமனில் பலமும் அதிகம், கொடியை அறுத்துக்கொண்டு மீனை வெளியே கொண்டுவரும். ஆனால் அறுந்து கரையில் கிடந்தால் மக்காது, நாரையின் காலைச் சுற்றும். அறுந்த துண்டைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டு எடுத்துப் போகாதவர் கையில் பின்னல் நரம்பு இருக்கக் கூடாது.

ரீலின் பெருமை தூரம். காவேரிப்பாக்கம் போன்ற பரந்த ஏரியில் அது தேவைதான். கழிஞ்சூரில் விரால் கரையோரக் கொடியில்தான் கிடக்கிறது. நீண்ட மூங்கில் கழியின் நுனியில் இரண்டு பாகம் பின்னல் நரம்பைக் கட்டி, ரப்பர் தவளையை இலை மேல் தத்தவிட்டால் பல ஆயிரம் ரூபாய்க் கருவி செய்யும் வேலை நடந்துவிடுகிறது. முக்கியத்துவத்தில் இரை முதலில், நரம்பு அடுத்து, கழி மூன்றாவது, ரீல் கடைசி. கடைக்காரர் காட்டும் வரிசை இதற்குத் தலைகீழ். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் மட்டும் தக்கையும் மண்புழுவும் போதும், அதில் விவாதமே இல்லை.

பாலாற்றுத் தேங்கல்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஆற்றில் கலக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது, 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. கழிவு கலக்கும் தண்ணீரில் பிடித்த மீனைக் குழந்தைக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

ரப்பர் தவளை மேல் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் வேறு. பசியில்லாத விராலையும் அது சீண்டி அடிக்க வைக்கும். அந்தத் திறமைதான் மழைக்காலத்தில் ஆபத்தாகிறது. அப்போது தாயும் தகப்பனும் குஞ்சுத் திரளுக்குக் கீழேயே காவல் கிடக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து காற்று வாங்கும், தண்ணீர் கொதிப்பது போலத் தெரியும். அந்தத் திரள் மேல் தவளையை இழுத்தால் காவல் மீன் கட்டாயம் அடிக்கும். தூண்டில்காரருக்கு அதைவிடச் சுலபமான இலக்கு கிடையாது. காவல் போனபின் குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் அள்ளிக்கொள்ளும். ஒரு மீனோடு ஒரு குடும்பமே போகிறது. குழம்புக்குப் பிடிப்பவர், பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர் யாராக இருந்தாலும் திரளைக் கண்டால் வேறு மூலைக்குப் போய்விட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இந்த நிபந்தனைக்கு உட்பட்டு, காட்பாடி ஏரிகளுக்கு ரப்பர் தவளைதான் நல்ல இரை. புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு நல்ல மூங்கில் கழி, கொஞ்சம் பின்னல் நரம்பு, ஒரு தவளை, முள்ளைக் கழற்ற ஒரு மூக்குக் குறடு ஆகியவற்றை மட்டும் வாங்கட்டும். ரீலைக் காவேரிப்பாக்கம் போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.